எல்லாம் இரண்டிரண்டு

செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுங்கள், மணல் உள்ளே வந்தால் மிஸ்ஸுக்குப் பிடிக்காது. கதவைச் சாத்த மறக்க வேண்டாம்; வெளியே நிற்கும் கழுதை தலையை நீட்டிவிடும். புத்தளத்துக் கழுதைகளுக்கு ஊரில் எந்த வாசலும் சொந்த வாசல்தான். சரி, இப்போது அந்தப் பூப்போட்ட திரைச்சீலைக்குப் பின்னால் போவோம். எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது! உங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பார்ப்பேனா?

ஒரே ஒரு நிபந்தனை. பெயர் கேட்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. கற்பிட்டிக்குப் போகும் வீதியோரத்தில், ஒரு வீட்டின் பின்னறை. அவ்வளவுதான் சொல்வேன்.

ஓட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகள் இங்கே விளையாட வருகிறார்கள். இரண்டு வயது, இரண்டரை, மூன்று. வருகிறவர்கள் கண்ணில் படுவது முன்பக்கம் மட்டும்தான்: ஒரு பாய், சுவரில் ஒரு அகர வரிசைப் படம், மூலையில் ஒரு மின்விசிறி. திரைக்கு இந்தப் பக்கம்தான் கூத்து. அங்கர் பால்மா டின் இரண்டு. சிரட்டை இரண்டு. யோகட் கோப்பை இரண்டு, தும்புத்தடியின் பிடி இரண்டு, ஒரே நீலத்தில் பிளாஸ்டிக் கார் இரண்டு. ஒரு காரின் முன்சில்லு என்றோ தொலைந்துவிட்டதாம். என்ன செய்தார்கள் தெரியுமா? மற்றக் காரின் முன்சில்லையும் கழற்றிவிட்டார்கள்! இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் நீங்களே பார்ப்பீர்கள்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு உதவிக்கு வந்திருக்கும் தங்கச்சி ஒருத்தி, வாளிக்குள் சவர்க்காரத் தண்ணீர் கரைத்து ஊதிப் பார்க்கிறாள். முதல் குமிழி வரும்போதே உடைகிறது. கொஞ்சம் சீனி போடுகிறாள். அடுத்தது கூரை வரை போகிறது. அவளுக்கும் எனக்கும் ஒரே சந்தோஷம். மேல்தட்டில், மூடி இறுகிய போத்தல்களுக்குள் பிஸ்கற்றும் பலூனும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. வேண்டுமென்றேதான். எட்டினால் பிள்ளை எடுத்துக்கொண்டு போய்விடும். எட்டாவிட்டால் ஒரு ஆளைத் தேடி வரும். அந்தத் தேடி வருதலுக்காகத்தான் இத்தனை தந்திரம்.

மிஸ் தயாராகிறார். துப்பட்டாவை இரண்டு ஊசியால் இறுக்குகிறார். பழைய வலைப்பந்து முழங்கால் உறையை மாட்டிக்கொண்டு தரையில் குந்தி எழும்பிப் பார்க்கிறார். "என்ட சம்பளத்தில பாதி சித்தாலேபவுக்குத்தான் போகுது," என்கிறார். தங்கச்சி சிரிக்கிறாள். இந்தப் பகிடியை அவள் தினமும் கேட்பாள் போல. மிஸ் படித்தது ராகமையில். களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில், பேச்சும் கேட்டலும் பற்றிய பட்டம். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான 'அயதி' நிலையமும் அங்கேதான் இருக்கிறது. நம்முடைய புத்தளம் ரயில் பாதை பிரிந்து வருவதே ராகமையில் என்பதால், இந்தக் கரையோரத்துப் பெற்றோர் பலருக்கு அந்த ஸ்டேஷன் மனப்பாடம். விடியுமுன் புறப்பட்டு, பிள்ளையை மடியில் அடக்கிக்கொண்டு போய்வருவார்கள். ஒவ்வொரு கிழமையும் அது முடிகிற காரியமா? அதனால்தான் இந்தப் பின்னறை.

வந்துவிட்டார் முதல் ஆள்! இரண்டரை வயது. இவரைச் 'சில்லுத் துரை' என்று வைத்துக்கொள்வோம். துரை யாரையும் பார்க்கவில்லை. மிஸ்ஸின் "வாங்க, வாங்க" காற்றோடு போனது. நேரே நீலக் காருக்குப் போனார், கவிழ்த்தார், பின்சில்லைச் சுழற்றத் தொடங்கினார்.

மிஸ் காரை நிமிர்த்திக் கொடுத்து, "இப்படி ஓட்டணும் மகன்" என்று சொல்லப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைத்தீர்கள்? மிஸ் கற்பிட்டிக் கரையில் ஒதுங்கிய டொல்பின் மாதிரிக் குப்புற விழுந்தார். இரண்டாவது காரைக் கவிழ்த்தார். சில்லைச் சுழற்றினார். துரை "ம்ம்ம்" என்று முனகினால் மிஸ்ஸும் "ம்ம்ம்". துரை காரைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் மிஸ்ஸும் இரண்டு தட்டு. திரைக்குப் பின்னால் தங்கச்சி துப்பட்டா நுனியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குகிறாள். பட்டம் பெற்ற பெண்மணி ஒருவர் நெற்றி வியர்வை பாயில் சொட்ட, ஒரு குழந்தையின் பின்னால் "ம்ம்ம்" போட்டுக்கொண்டிருக்கிறார்!

பிறகு நடந்ததுதான் விஷயம். துரை நிறுத்தினார். மிஸ்ஸும் நிறுத்தினார். துரை கடைக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தார். ஒரே ஒரு தரம் சில்லைச் சுழற்றிவிட்டுக் காத்திருந்தார். மிஸ் ஒரு தரம் சுழற்றினார். துரை இரண்டு தரம். மிஸ் இரண்டு தரம். துரையின் வாய் ஓரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. இந்தப் பெரிய மனுஷியை ஆட்டி வைப்பது நான்தான் என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது!

எல்லாம் ஏன் இரண்டிரண்டு என்று இப்போது விளங்கிவிட்டதா? பிள்ளையின் கையில் இருப்பதைப் பிடுங்காமல் பிள்ளையைப் போலச் செய்ய வேண்டுமானால் இன்னொன்று வேண்டும். அமெரிக்காவில் புரூக் இங்கர்சொல் என்ற உளவியலாளர் ஒழுங்குபடுத்திய முறை இது. லோரா ஷ்ரைப்மனுடன் சேர்ந்து 2006-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இருந்தவர்கள் 5 சின்னப் பிள்ளைகள்தான். ஆனால் பார்த்துச் செய்யப் பழகிய அந்தப் பிள்ளைகளிடம் பேச்சும், பாவனை விளையாட்டும், இன்னொருவரோடு சேர்ந்து ஒன்றைக் கவனிப்பதும்கூடக் கூடின. முதலில் பெரியவர் பிள்ளையைப் பார்த்துச் செய்ய வேண்டும். பிள்ளை பெரியவரைப் பார்த்துச் செய்வது பிறகுதான் வரும். நாம் வழக்கமாக இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம்.

மிஸ் இப்போது கட்சி மாறுகிறார். ஒரு பலகையைச் சாய்த்து, காரை மேலே வைத்து, "சூஊஊ!" என்று விடுகிறார். துரை பார்க்கவில்லை. மறுபடி "சூஊஊ!" இல்லை. மூன்றாம் தரம். இல்லை. துரையின் கையை மெதுவாகப் பிடித்து அவருடைய காரையும் அதே மாதிரி விடுகிறார். "சூஊஊ! ஓடிட்டு!" என்று பெருநாள் வந்ததுபோல் ஆரவாரம். உடனே பழையபடி சில்லுச் சுழற்றல், "ம்ம்ம்". இப்படி ஒரு நிமிடத்துக்கோ இரண்டு நிமிடத்துக்கோ ஒரு தரம் புதுசாக ஒன்றைக் காட்டுவது, மற்ற நேரமெல்லாம் பிள்ளையின் விருப்பம். அரை மணி நேரம் ஓடியது. துரை மசியவில்லை. மிஸ் முகம் துடைக்கத் துவாயை எடுத்துத் திரும்பினார். அந்த நொடியில் துரை தன் காரைப் பலகையில் வைத்து விட்டார்! "ஊஊ" என்றும் சொன்னார்! மிஸ் பார்க்கவில்லை. தங்கச்சி வாளிப் பக்கம். பார்த்தது நான் மட்டும். கத்திவிடாமல் இருக்க நான் பட்ட பாடு!

நம்முடைய ஆட்களுக்கு இதெல்லாம் புதிதல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பருவம் பருவமாக எதை அடுக்கினார்கள்? ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி, கைகொட்டி விளையாடுதல். பிறகு முத்தம். பிறகு வா என்றால் வருதல். பிறகு அம்புலி: விரல் நீட்டி நிலாவைக் காட்டி, பிள்ளையோடு விளையாட வரச்சொல்லிக் கூப்பிடுவது. பெண்பிள்ளைக்கு அம்மானை, ஊசல். ஆண்பிள்ளைக்குச் சிறுபறை, சிறுதேர். இன்றைக்கு வைத்தியர் கேட்கிற கேள்விகளும் ஏறக்குறைய அவைதான். கைகொட்டினால் திருப்பிக் கொட்டுகிறதா? கூப்பிட்டால் திரும்புகிறதா? விரலால் ஒன்றைக் காட்டுகிறதா? நீங்கள் காட்டினால் அந்தத் திசையில் பார்க்கிறதா? பாவனையாக எதையாவது செய்து விளையாடுகிறதா?

அடுத்தவர் மூன்று வயதுப் பெண்பிள்ளை. சோடா மூடிகளைச் சுவரோரமாக ஒரே கோட்டில் அடுக்குகிறாள். அடுக்கென்றால் அடுக்கு, நூல் பிடித்த மாதிரி! கூட வந்தவர் அவளுடைய உம்மம்மா. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னார்ப் பக்கமிருந்து இந்தக் கரைக்கு வந்த குடும்பம். உம்மம்மாவுக்குப் பொறுமை இல்லை. "புள்ள, கை கொட்டு! புள்ள, இங்க பாரு! மூக்கத் தொடு!" மிஸ் சிரித்துக்கொண்டே, "மூத்தவவுக்கு இண்டைக்கு ஒரு தடை. 'செய்' எண்டு சொல்லப்படாது. அவ செய்யிறதச் செய்ங்க," என்கிறார்.

உம்மம்மா முணுமுணுத்தபடி கீழே உட்கார்ந்தார். முழங்கால் படீரென்று சத்தம் போட்டது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. ஒரு மூடியை எடுத்து வரிசையின் கடைசியில் வைத்தார். பேத்தி அதை அரை அங்குலம் நகர்த்தினாள். அவருடைய வேலை அவளுக்குத் திருப்தியில்லை. இன்னொன்று வைத்தார். அதையும் நகர்த்தினாள். "பாத்தீங்களா, நான் வெச்சது கோணலாம்!" என்று உம்மம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து கதவு வரை வரிசை கட்டினார்கள். யார் யாரோடு விளையாடுகிறார்கள் என்றே எனக்குக் குழம்பிவிட்டது.

களைத்துப்போன உம்மம்மா, யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு வேலை செய்தார். ஒரு மூடியை உதட்டுக்குக் கொண்டுபோய் உறிஞ்சி, "ஹா... பிளேன்டிக்குச் சீனி காணாது," என்றார். பேத்தியின் கை நின்றது. உம்மம்மா மறுபடி உறிஞ்சினார். பேத்தி ஒரு மூடியை எடுத்தாள். தன் வாய்க்கு அல்ல. நேரே உம்மம்மாவின் உதட்டில் கொண்டுபோய் முட்டினாள்.

திரைக்குப் பின்னால் தங்கச்சி என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கு இன்னும் நோகிறது. எனக்கு உடனே நினைவுக்கு வந்தது இங்கிலாந்துச் சோதனை ஒன்று. 1992-இல் சைமன் பாரன்-கோஹனும் கூட்டாளிகளும் 18 மாதப் பிள்ளைகளுக்காக உருவாக்கியது. அதில் ஒரு குட்டிக் கேத்தலையும் கோப்பையையும் நீட்டி, தேத்தண்ணி ஊற்றித் தரச் சொல்வார்கள். பிள்ளை இல்லாத தேத்தண்ணியை ஊற்றுகிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் உம்மம்மா அந்தச் சோதனையைச் சோடா மூடியில் நடத்தி முடித்துவிட்டார்! மிஸ் மட்டும் நிதானமாக இருந்தார். "இது இன்னும் பாவனை இல்ல. பாத்துச் செஞ்சிருக்கா. அவ்வளவுதான். அதுவே எனக்கு இண்டைக்குக் காணும்." இந்த நிதானம் எனக்குப் பிடித்தது. 'சுகமாக்கித் தருகிறோம்' என்று விளம்பரம் போடுகிறவர்களிடம் இல்லாதது இதுதான். மேசைக்கு முன்னால் கட்டி உட்கார வைத்து மூக்கைத் தொடு, காதைத் தொடு என்று நூறு தரம் செய்ய வைப்பதும், தாடையைப் பிடித்துக் கண்ணைப் பார்க்க வைப்பதும் எனக்கு ஒப்பாத காரியங்கள். இந்த அறையில் கையை உதறும் பிள்ளையோடு சேர்ந்து பெரியவர்களும் கையை உதறுகிறார்கள். யாரும் தடுப்பதில்லை.

வாருங்கள், பின்வாசல் வாங்கில் கொஞ்சம் உட்காருவோம். உம்மாமார் காத்திருக்கும் இடம் இது. பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணி, ஒரு பொட்டலம் முறுக்கு, ஒன்றுக்கொன்று போட்டியாகக் கதை. "அவன்ட வாப்பாவும் மூணு வயசிலதான் பேசினாராம். அப்படி எண்டுதான் விட்டுட்டோம்." "எங்கட வீட்ட, 'அமைதியான புள்ள' எண்டு எல்லாரும் புகழ்ந்தாங்க." எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

இந்த வாங்குக் கதை ஏட்டிலும் ஏறியிருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சிறுவர் உளமருத்துவப் பேராசிரியை ஹேமமாலி பெரேராவும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பார்த்தது. ஓட்டிசம் உள்ளவர்கள் 93 பேருக்கு ஒருவர். வெளிநாட்டுக் கேள்விப் பட்டியலை மொழிபெயர்த்துத் தாய்மாரிடம் கொடுத்தபோது, அது அந்தப் பிள்ளைகளில் நாலில் ஒரு பங்கைத்தான் பிடித்தது. தாய்மார் பொய் சொல்லவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை. பிறகு அதே பேராசிரியை கேள்விகளோடு புகைப்படங்களையும் சேர்த்து ஒரு பட்டியலை உருவாக்கினார். அதன் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அதற்கு முந்திய வருடம் வந்தது இன்னொன்று: 18 முதல் 40 மாதப் பிள்ளைகளுக்கு, முழுக்க வீட்டிலேயே, வீட்டாரே செய்யும் பயிற்சி பலன் தந்ததைக் காட்டிய ஆய்வு. வாங்கில் இருப்பவர்களிடம் இதைச் சொன்னேன். "வீட்ட செய்யலாம் எண்டுறது எங்களுக்குத் தெரியும், அதப் பழக இங்க வந்துபோக வாடகை காரு யாரு குடுப்பா?" என்றார் ஒருவர். மறுபடி சிரிப்பு.

உள்ளே சத்தம்! ஓடுவோம்.

உடப்பிலிருந்து வந்த அப்பா ஒருவர், கரைவலைக்காரர். இத்தனை நேரமும் கதவு நிலையில் சாய்ந்து கைகட்டி நின்றவர். விளையாட்டெல்லாம் பெண்டுகள் வேலை என்று நினைத்தாரோ என்னவோ. மகனுக்கு இரண்டு வயதும் சில மாதமும். அவனுக்குக் கயிறு என்றால் உயிர், இழுத்துக்கொண்டே இருப்பான். மிஸ் கயிற்றின் மறுமுனையை அப்பாவின் கையில் திணித்தார். "நீங்கதான் இதுல பட்டதாரி. அவன் இழுத்தா நீங்களும் இழுங்க."

பிள்ளை இழுத்தான். அப்பா இழுத்தார். பிள்ளை விட்டான். அப்பாவும் விட்டார். நாலைந்து தரத்தில் அந்த மனிதருக்குக் கூச்சம் போய்விட்டது. தங்கச்சி ஒரு பழைய படுக்கை விரிப்பைக் கயிற்றில் முடிந்து, அதற்குள் கிடைத்த பொம்மைகளையெல்லாம் போட்டாள். வலை தயார்! அப்பா குந்தி, காலை ஊன்றி, தன்னை அறியாமலே அம்பா இழுக்கத் தொடங்கினார். உடப்புக் கரையில் வலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிப் பாடுவார்களே, அந்த அம்பா. அவர் எடுத்துக் கொடுத்தார். திருப்பிப் பாட மிஸ்ஸும் தங்கச்சியும். இரண்டு பேருக்கும் சொல் தெரியாது, ராகமும் வராது. குரல் மட்டும் பெரிசு. வாங்கிலிருந்த உம்மாமாரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஜன்னலில் கழுதையும் எட்டிப் பார்த்தது, சத்தியமாக!

அப்பா ஒரு அடி எடுத்துக் கொடுத்துவிட்டு வேண்டுமென்றே நிறுத்தினார். மிஸ் கண்ணைக் காட்ட, நாங்களும் வாயை மூடினோம். அறை முழுக்க ஒரு காத்திருப்பு. பிள்ளை கயிற்றைப் பார்த்தான். அப்பாவின் வாயைப் பார்த்தான். "ஓ" என்றான்.

ஒரே ஒரு 'ஓ'. அப்பா அதையே திருப்பி "ஓ" என்றார். அவனும் "ஓ". இப்படி எத்தனை தரம் போனது என்று எண்ண எனக்கு மனமில்லை. அப்பா பிறகு முகம் கழுவப் பின்வாசலுக்குப் போனார். நான் பின்னால் போகவில்லை; திரைக்குப் பின்னால் எல்லா இடமும் நாம் போகிற இடமல்ல.

எல்லோரும் போன பிறகு நடப்பதுதான் எனக்கு மிகப் பிடித்த காட்சி. மிஸ், தங்கச்சி, போக மனமில்லாமல் நிற்கும் இரண்டு உம்மாமார், எல்லோரும் கண்ணாடி வெடித்த ஒரு போனைச் சுற்றிக் குனிந்து நிற்கிறார்கள். வீட்டில் பிள்ளையோடு விளையாடியதை வீடியோ எடுத்து வந்திருக்கிறார் ஒருவர். "நிப்பாட்டுங்க, அங்க! இந்த இடத்தில அவன் உங்களப் பாத்தான். நீங்க அந்த நேரம் அடுப்பப் பாத்தீங்க." உம்மா தலையில் கைவைக்கிறார். அடுத்த காட்சியில் அவர் சரியாகப் பிடித்துக்கொள்கிறார். கைதட்டல். கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு நடத்தி 2016-இல் வெளிவந்த ஆய்வு இதே வித்தையைத்தான் சோதித்தது. விசேட நிபுணர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள், பெற்றோரோடு உட்கார்ந்து அவர்களுடைய வீடியோவைப் பார்த்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு ஈடுகொடுக்கப் பழகினார்கள். பிள்ளைகளும் தாமாகத் தொடர்புகொள்ளத் தொடங்கினார்கள். எல்லா ஊரிலும் நிபுணர் இல்லாத நம்முடையதைப் போன்ற இடங்களுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா?

பிறகு பெருக்கல், துடைத்தல், எண்ணல். சோடா மூடி ஒன்று குறைகிறது. பிள்ளைகள் விழுங்கும் அளவுப் பொருள் என்பதால் எண்ணாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. பாயைத் தூக்கினார்கள், வாளியைக் கவிழ்த்தார்கள். கடைசியில் அது மிஸ்ஸின் முழங்கால் உறைக்குள் இருந்தது. "அதுதான் இவ்வளவு நேரமும் நோகுதா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கழுதை ஓடியே போய்விட்டது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒன்றரை வயதுப் பிள்ளை ஒன்று இருந்தால், பேச்சு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். விரலால் காட்டுகிறதா, கைகொட்டினால் திருப்பிக் கொட்டுகிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அடுத்த கிளினிக் நாளில் கொப்பியைக் கொடுக்கும்போதே குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து மேலிடத்துக்கு அனுப்பி வைக்க வழி உண்டு. அதுவரை வீட்டில் இரண்டு சிரட்டை இருக்கும்தானே, ஒன்றைப் பிள்ளையிடம் கொடுங்கள், மற்றதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.